ஆடுகிற காலுக்கும் வலி உண்டு

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில், 'சமுதாயத்தில் கலையும் கலைஞனும்' என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பைச் செயலாளர் எனக்குக் கொடுத்தபோது, "ஏம்ப்பா, நான் முப்பத்தஞ்சு வருஷம் பேங்க்கிலே கணக்கு எழுதினவன். கலையைப் பத்தி என்கிட்டே ஏன் கேக்குறே?" என்றேன். "ஹாஸ்டல் சுவரேறிக் குதிச்சு நாடகம் பார்க்கப் போன கோஷ்டிக்கு நீதானே தலைவன்?" என்றார். (சிரிப்பு) வார்டன் ஐயா முன்வரிசையில் இருக்கிறார். ஐயா, ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. இனிமேல் அபராதம் போட முடியாது என்ற தைரியத்தில் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். (சிரிப்பு)

ஒப்புக்கொள்ள வேண்டிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. அது சிரிப்புக்குரியது இல்லை. கொஞ்சம் பொறுத்து அதற்கு வருகிறேன்.

முதலில் நம்ம ஊர்க் கதை ஒன்று. மதுரையில் படித்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மீனாட்சி அம்மன் கோயில் வெள்ளியம்பலத்தில் நடராசப் பெருமான் கால் மாறி ஆடுகிறார். மற்ற தலங்களில் இடது பாதத்தைத் தூக்கி ஆடுகிறவர், இங்கே வலது பாதத்தைத் தூக்கி ஆடுகிறார். அதற்குக் காரணம் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இருக்கிறது. இராசசேகர பாண்டியன் அறுபத்துமூன்று கலைகளைக் கற்றவன். பாக்கி நின்றது நடனம் ஒன்றுதான். சோழ ராஜாவுக்கு அறுபத்துநான்கும் தெரியும், நம் ராஜாவுக்கு ஒன்று குறைகிறதே என்று ஒரு புலவர் சொல்லிவிட, பாண்டியன் நடனம் பயில ஆரம்பித்தான். உடம்பு நொந்துபோயிற்று. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது: சில நாள் ஆடின எனக்கே இப்படி வலிக்கிறதே, ஒரே காலை ஊன்றி எந்நேரமும் ஆடிக்கொண்டிருக்கிற பெருமானுக்கு எப்படி இருக்கும்? நேரே கோயிலுக்குப் போனான். கால் மாற்றி ஆட வேண்டும், இல்லையென்றால் என் வாள்மேல் விழுந்து உயிரை விடுவேன் என்று நின்றான். பெருமான் கால் மாற்றி ஆடினார் என்பது புராணம்.

நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் கதையாகக் கேட்கட்டும். என் மனசில் நிற்பது ஒன்றுதான். அந்தச் சிலையைப் பாண்டியன் பிறந்ததிலிருந்து கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். தானே ஆடிப் பார்க்கிற வரைக்கும், அந்தக் கால் வலிக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. கலைஞர்கள் விஷயத்தில் நாமெல்லாம் நடனம் கற்பதற்கு முந்தின பாண்டியன்கள்தான்.

விடிய விடிய ஒரு நாடகம்

1976ஆம் வருஷம், பங்குனி மாசம். கல்லூரியிலிருந்து எட்டு மைல் தள்ளி ஒரு கிராமத்தில் அம்மன் கோயில் பொங்கல். ராத்திரி 'வள்ளி திருமணம்' என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நாலு சைக்கிளில் எட்டுப் பேர் போனோம். எங்கள் அறையிலே ஒன்பதாவது ஒருவன் இருந்தான். "எனக்குத் தலைவலி, நீங்க போயிட்டு வாங்கடா" என்று படுத்துக்கொண்டான். அவனை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே வந்திருக்கிற இளைய தலைமுறைக்காக ஸ்பெஷல் நாடகம் என்றால் என்ன என்று இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் நாடகக் கம்பெனிகள் இருந்தன. முதலாளி, நடிகர், சீன், சமையல்காரர் எல்லாம் ஒரே கூட்டமாக ஊர் ஊராகப் போவார்கள். ஸ்பெஷல் நாடகம் அப்படி அல்ல. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர், ஆர்மோனியக்காரர் வேறொரு ஊர். ஊர்க் கமிட்டி ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, அட்வான்ஸ் கொடுத்து, தேதி வாங்கும். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி என்று இவர்களுக்கு நடிகர் சங்கங்கள் உண்டு. எல்லாரும் நாடகத்தன்று சாயங்காலம்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியம் கட்டை பிடித்தால், கிழக்கு வெளுக்கிற வரைக்கும் நிற்காது.

ஒத்திகை இல்லாமல் எப்படி முடிகிறது? எல்லாருக்கும் ஒரே வாத்தியார். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று அவர் எழுதி வைத்த பாட்டும் வசனமும்தான் இவர்களுக்கெல்லாம் பொதுச் சொத்து. 1918இல் இதே மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' என்று சிறுவர்களை வைத்து நாடக சபை நடத்தினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே உருவானவர்கள்தான். 1922இல் சுவாமிகள் மறைந்தார். அவர் போட்டுக் கொடுத்த தண்டவாளத்தில் நூறு வருஷத்துக்கு அப்புறமும் வண்டி ஓடுகிறது.

பாட்டு அவருடையது. ஆனால் தர்க்கம் நடிகருடையது. நாரதருக்கும் வள்ளிக்கும், வேடனாக வந்த முருகனுக்கும் வள்ளிக்கும் மேடையிலேயே வாக்குவாதம் நடக்கும். இவர் ஒரு கேள்வி போடுவார், அந்த அம்மா புராணத்திலிருந்து பதில் கொடுப்பார். அதை மடக்கி இன்னொரு கேள்வி. முன்கூட்டி யாருக்கும் எதுவும் தெரியாது. பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத எத்தனையோ பேருக்குக் கம்பனும் கந்த புராணமும் இந்தத் தர்க்கத்தின் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தன. நான் பி.ஏ. வகுப்பில் தூங்கினேன். நாடகக் கொட்டகையில் தூங்கவில்லை. (சிரிப்பு) தமிழ் ஐயா மன்னிக்க வேண்டும்.

அன்றைக்கு முதலில் பபூன் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். ரெண்டு மணி நேரம் அந்த மனுஷன் ஆடினார், பாடினார், விழுந்தார், எழுந்தார். ஊர்ப் பெரிய மனிதர்கள் நாற்காலி போட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வட்டிக்கு விடுகிறவரைப் பற்றி, ரேஷன் கடை எடையைப் பற்றி, மகனுக்குப் பெண் பார்க்கப் போய் வரதட்சணை பேசுகிற தகப்பனைப் பற்றி அவர்கள் முகத்துக்கு நேரேயே சொன்னார். தரையில் உட்கார்ந்திருந்த சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நாற்காலிக்காரர்களும் வேறு வழியில்லாமல் சிரித்தார்கள். பகலில் அந்தத் தெருவில் நின்று அதே வார்த்தையை யாராவது சொல்லியிருந்தால் கட்டி வைத்து அடித்திருப்பார்கள்.

கலையின் பங்கு என்ன என்று கேட்டால், படித்ததைவிட அன்றைக்கு ராத்திரி பார்த்ததுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. ஊர் வாய்விட்டுச் சொல்ல முடியாததை ஒருத்தர் ஊருக்காக எழுந்து நின்று சொல்கிறார். மேலே இருக்கிறவனும் கீழே இருக்கிறவனும் அதை ஒரே நேரத்தில் கேட்கிறார்கள்.

சர்க்கார் பயந்த மேடை

இது ஏதோ கிராமத்து வேடிக்கை என்று நினைக்க வேண்டாம். சர்க்காரே இதற்குப் பயந்திருக்கிறது. வங்காளத்தில் அவுரித் தோட்டத்து வெள்ளைக்காரர்களின் கொடுமையை 'நீல் தர்ப்பண்' என்ற நாடகம் காட்டியது. 1872இல் கல்கத்தாவில் அதை மேடையேற்றினார்கள். அதைத் தொடர்ந்து வெள்ளைக்கார ஆட்சியைச் சாடும் நாடகங்கள் வந்தன. 1876இல் சர்க்கார் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் கொண்டுவந்துவிட்டது. பீரங்கி வைத்திருந்தவன், அரிதாரம் பூசினவனுக்குச் சட்டம் போட்டான். நாடகத்துக்கு இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் எது?

அந்த நற்சான்றிதழுக்கு நம் பக்கத்தில் விலை கொடுத்தவர் விசுவநாததாஸ். 1886இல் சிவகாசியில் பிறந்தவர், திருமங்கலத்தில் வாழ்ந்தவர். வள்ளி திருமணத்தில் அவர் முருகன். கதர் கட்டிக்கொண்டு மேடையேறுவார். தினைப்புனத்தில் பறவை ஓட்டுகிற காட்சி வரும். கதைப்படி ஓட்ட வேண்டியது கிளியும் குருவியும். இவர் வெள்ளைக் கொக்கை ஓட்டுவார். கொட்டகை முழுக்க எழுந்து ஆர்ப்பரிக்கும். எந்தக் கொக்கு என்று போலீஸ்காரனுக்கும் தெரியும். மேடையிலேயே கைது. இப்படிப் பல தடவை சிறைக்குப் போனார். அந்த மாதிரிப் பாட்டுகளை எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். ஜாலியன்வாலா பாக் முதல் கதர், கள்ளுக்கடை மறியல் வரை, பத்திரிகை போகாத ஊருக்கெல்லாம் அந்தக் காலத்துச் சேதிகளைக் கொண்டுபோனது நாடக மேடைதான். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்'. அதிலே கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் ராட்டினத்தைப் பற்றி ஒரு பாட்டு வரும். அதுவும் நாடக மேடையின் பழக்கம்தான்.

இப்படிப்பட்ட விசுவநாததாஸை நாம் எப்படி வைத்திருந்தோம்? அவர் மருத்துவர் குலத்தில், அதாவது முடிதிருத்துகிறவர்கள் குடும்பத்தில் பிறந்தவர். அதனாலேயே அவரோடு சேர்ந்து நடிக்க மாட்டோம் என்று சொன்ன நடிகைகள் உண்டு. கலைஞனைச் சமுதாயம் கீழே வைக்கிறது என்று சொல்கிறோம். கலைஞர்களுக்குள்ளேயும் அதே ஏணியைச் சாத்தி வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடன் அவரைக் கடைசி வரைக்கும் விடவில்லை. 1940 டிசம்பர் 31ஆம் தேதி, சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேஷத்தில், மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. சுதந்திரத்தை அவர் பார்க்கவில்லை.

பார்த்திருந்தாலும் ஒரு வேடிக்கையைப் பார்த்திருப்பார். வெள்ளைக்காரன் போனான், அவன் போட்ட நாடகச் சட்டம் போகவில்லை. இங்கே 1954இல் நம் மாகாணமே தனியாக ஒரு நாடகச் சட்டம் போட்டது. எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகம் கிளப்பிய சூடு அதற்குப் பின்னால் இருந்தது. அந்த நாடகம் சிலருக்குப் பிடித்தது, பலருக்கு மனசைப் புண்படுத்தியது. அந்த வழக்குக்கு நான் போகவில்லை. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. 1876ஆம் வருஷத்துச் சட்டம் 2018இல்தான் ஒழிந்தது. யார் ஆண்டாலும் மேடையில் பேசுகிறவனிடம் ஒரு பயம் இருக்கத்தான் செய்கிறது.

காலையில் என்ன நடக்கிறது?

சரி, நான் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த 1976 பங்குனியில் நாடகம் முடிந்து, விடிகாலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம், டீ குடிக்க. அங்கே சிமெண்டு பெஞ்சில் ஒருவர் தகரப் பெட்டியைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். காதோரம் வெள்ளைப் பவுடர் சரியாகத் துடைபடாமல் ஒட்டியிருந்தது. "டேய், நம்ம பபூன்டா!" என்றான் ஒருவன். நாலு மணி நேரத்துக்கு முன்னால் ஆயிரம் பேரைச் சிரிக்க வைத்த மனுஷன். துப்புரவு செய்ய வந்தவர் துடைப்பத்தால் பெஞ்சைத் தட்டி, "எந்திரிய்யா, கூத்தாடிப் பயலுக்குத் தூங்க இதுதான் இடமா?" என்றார். அவர் ஒன்றும் பேசாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்து நின்றார். நாங்கள் எட்டுப் பேரும் டீயைக் குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கிளாஸ் டீ வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு மாசம் கழித்துப் பரீட்சைப் பணம் கட்டுகிற நாள். ஆபீஸ் ஜன்னலில் வரிசை. அங்கே அதே மனுஷன், வெள்ளை வேட்டி சட்டையில், மடித்து மடித்துக் கசங்கிப்போன ரூபாய் நோட்டுகளை நீவி நீவி எண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்திலே எங்கள் அறைத் தோழன், 'தலைவலி' என்று படுத்துக்கொண்டானே, அவன். அவனுடைய அப்பா.

மறுநாள் காலை மெஸ்ஸில் அவன் உள்ளே வந்தபோது, "வாங்க பபூன்!" என்று ஒரு குரல் கேட்டது. மெஸ்ஸே சிரித்தது. அன்றையிலிருந்து அவனுக்கு அதுவே பெயர். அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அடுத்த வருஷம் கல்லூரி திறந்தபோது அவன் வரவில்லை. வீட்டில் கஷ்டம்போல என்று பேசிக்கொண்டோம். அப்புறம் மறந்துவிட்டோம்.

நண்பர்களே, மெஸ்ஸில் கேட்ட அந்தக் குரல் என்னுடையது.

(சிறிது அமைதி)

2019இல் ஒரு கல்யாண வீட்டில் அவனைப் பார்த்தேன். நான்தான் போய்ப் பேசினேன். அவன் அஞ்சல் வழியில் படித்து, வாத்தியாராகி, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றிருந்தான். மன்னிப்புக் கேட்டேன். "விடுடா, சின்ன வயசு" என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்: "படிப்பு எப்படியோ வந்திருச்சு, அதிலே எனக்குக் குறையில்லே. ஆனா அப்பா சாகிற வரைக்கும் அவரோட நாடகம் ஒண்ணுகூட நான் பாக்கலேடா. ஊரெல்லாம் சிரிச்சுது, நான் சிரிக்கலே. வெக்கமா இருந்துச்சு. இப்ப நினைச்சா அதுதான் வெக்கமா இருக்கு."

அப்பாவின் பாட்டுநோட்டு அவனிடம் இருக்கிறதாம். மேடையில் பாடிய மெட்டுகள், தர்க்கத்துக்கு வேண்டிய கேள்விகள், சிரிப்புத் துணுக்குகள் எல்லாம் அவர் கையெழுத்தில். மெட்டு எப்படிப் போகும் என்று இவனுக்குத் தெரியாது. கேட்டுக்கொள்ள மனசு வந்தபோது சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. நான் மெஸ்ஸில் ஒரு வார்த்தைதான் சொன்னேன். அந்த நோட்டு இன்றைக்கு ஊமையாகக் கிடக்கிறது. என்னால் மட்டும்தான் என்று சொல்லவில்லை. ஆனால் என் பங்கு அதில் இருக்கிறது.

இதைச் சொல்லலாமா என்று அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இங்கே வந்தேன். "சொல்லு, பேரு மட்டும் வேண்டாம்" என்றான்.

நம் பேச்சிலேயே இருக்கிறது

இந்த வெட்கத்தை அவனுக்குக் கொடுத்தது நான் ஒருவன் மட்டும் இல்லை. நம் பேச்சையே கவனித்துப் பாருங்கள். பொய் சொன்னால் 'என்ன நாடகமாடுறே?' என்கிறோம். ஒழுங்கில்லாமல் திரிந்தால் 'கூத்தடிக்காதே.' நம்ப முடியாதவன் 'வேஷம் போடுறான்.' கலைக்குரிய வார்த்தைகளையெல்லாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். அதே வாயால் சிதம்பரத்தில் போய்க் 'கூத்தபிரானே' என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். ஆடுகிறது சாமி என்றால் கூத்தபிரான், மனுஷன் என்றால் கூத்தாடியா?

இது புதுசும் இல்லை. சங்க காலத்தில் பாணனும் விறலியும் கூத்தனும் பொருநனும் அரசனுடைய வாசலுக்கு நேரே போவார்கள். பரிசு பெற்று வருகிற கலைஞன் எதிரே வருகிற கலைஞனுக்கு வழி சொல்வதையே ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையாக வைத்தார்கள். பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைதான். சில நூற்றாண்டுகள் போனபிறகு அதே பாணர் குலத்தில் பிறந்த திருப்பாணாழ்வார் கோயிலுக்குள் போக முடியாமல் காவிரிக் கரையில் நின்று பாடினார். விலகிப்போகச் சொல்லி அவர்மேல் கல் எறிந்தார் லோகசாரங்க முனிவர். அப்புறம் அரங்கன் கட்டளைப்படி அதே முனிவர் தம் தோளில் அவரைச் சுமந்து கொண்டுபோனார். கல் எறிந்ததும் தோளில் சுமந்ததும் ஒரே ஆள்! நம் சமுதாயத்தை இதைவிடச் சரியாக யார் சொல்ல முடியும்? ராத்திரி தோள், காலையில் கல்.

நம் மதுரையிலோ, பெரிய புராணத்தில் இன்னொரு காட்சி வருகிறது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஆலவாய்க் கோயில் வாசலில் நின்று வாசிக்கிறார். அவரை உள்ளே அழைத்து வரச் செய்தார் இறைவன். ஈரத் தரையில் பட்டால் யாழ் கெட்டுவிடும் என்று அதற்குப் பொற்பலகை போடச் சொன்னார். தரையின் ஈரம் வரைக்கும் யோசித்திருக்கிறார் பாருங்கள். மாலை போடுவதும் பொன்னாடை போர்த்துவதும் சுலபம். வாத்தியத்துக்கு ஒரு பலகை வேண்டுமே என்று நினைக்கிறதுதான் மரியாதை.

ஸ்திரீபார்ட் அம்மாமார்களின் நிலை இன்னும் சிரமம். மேடையில் வள்ளியம்மை என்று கையெடுத்துக் கும்பிடுகிற கூட்டத்தில், ஒருவன் பகலில் அவர்களை வேறு மாதிரிப் பார்ப்பான். அதனாலேயே பஸ்ஸைத் தவிர்த்து, செலவானாலும் நாலு பேர் சேர்ந்து வேன் பிடித்துப் போகிறார்கள். பல ஊர்களில் வேஷம் மாற்றிக்கொள்ள அவர்களுக்கு ஒரு தட்டி மறைப்புக்கூடச் சரியாக இருக்காது. ராத்திரி முழுக்க நிற்கிறவர்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா என்று எந்தக் கமிட்டியும் யோசிப்பதில்லை. பபூன் காட்சிகளில் பெண்களை மட்டம் தட்டுகிற பேச்சும் வரும். அதையும் நான் பூசி மெழுகப் போவதில்லை. கலைஞனை மதிக்கிறது என்றால் அவன் சொல்கிற எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறது என்று அர்த்தமில்லை. பிடிக்கவில்லை என்றால் நேரே சொல்லலாம். மனுஷன் என்று நினைத்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சினிமா வந்தது, டெலிவிஷன் வந்தது, 'ஆடல் பாடல்' என்று சினிமாப் பாட்டுக் கோஷ்டிகள் வந்தன. அதையெல்லாம் தாக்குப்பிடித்து இவர்கள் நின்றார்கள். 2020 மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு வந்தபோதுதான் அடியோடு ஆடிப்போனார்கள். அது பங்குனி மாசம். பங்குனி, சித்திரை, வைகாசிதான் இவர்களுக்கு அறுவடைக் காலம். அந்தச் சம்பாத்தியத்தில்தான் மீதி வருஷம் அடுப்பு எரியும். திருவிழா எல்லாம் நின்றது. அடுத்த வருஷமும் அதே கோடையில் அதே கதை. நான் பேங்க்கில் இருந்தவன், எனக்குக் கணக்கு புரியும். மாசச் சம்பளக்காரனுக்கு ரெண்டு மாசம் போனால் ரெண்டு மாசம்தான். இவர்களுக்கு ரெண்டு மாசம் போனால் ஒரு வருஷம். எனக்கு அந்த ரெண்டு வருஷமும் மாசம் ஒண்ணாம் தேதி பென்ஷன் வந்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்து செல்போனில் பழைய நாடகம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பாடினவர் அன்றைக்குச் சாப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். நல வாரியம் இருக்கிறது, 'நலிந்த கலைஞர்' என்று உதவித்தொகை இருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஒருவர் நலிந்த பிறகுதான் நம் கண்ணில் படுகிறார் என்பது அந்தப் பெயரிலேயே தெரிகிறது.

மூன்று வேண்டுகோள்

'கலைஞன் சமுதாயத்துக்கு என்ன செய்ய வேண்டும்?' என்று எல்லா மேடையிலும் கேட்கிறோம். சீர்திருத்தம் சொல்ல வேண்டும், ஒற்றுமை வளர்க்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறோம். அவர்கள் கேட்காமலே அதையெல்லாம் செய்திருக்கிறார்கள், ஜெயிலுக்கும் போயிருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் பாக்கி இல்லை. நம் கணக்கில்தான் நிற்கிறது. வெறும் பேச்சாகப் பேசிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒன்று. நாடகம், கரகம், நையாண்டி மேளம், பறையாட்டம் என்று கலையை நம்பி வாழ்கிற குடும்பத்துப் பிள்ளைகள் இன்றைக்கும் நம் கல்லூரியில் படிக்கிறார்கள். அவர்களுடைய கல்விக் கட்டணத்தை நம் சங்கம் ஏற்றுக்கொள்ளட்டும். யாருக்குக் கொடுத்தோம் என்று பெயர் போட்டு மேடையில் நிறுத்த வேண்டாம். முதல் தொகையை நான் இன்றைக்கே பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன்.

இரண்டு. வருஷத்துக்கு ஒரு ராத்திரி நம் கல்லூரி மைதானத்தில் ஸ்பெஷல் நாடகம் நடக்கட்டும். ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிக் காட்டுகிற 'கலை நிகழ்ச்சி' வேண்டாம். முழு ராத்திரி நாடகம். கேட்கிற சம்பளத்தைப் பேரம் பேசாமல் கொடுப்போம். வேஷம் போட அறையும், கழிப்பறையும், சுடுசோறும் இருக்கட்டும். விடிந்ததும் ஒவ்வொருவரையும் வண்டி வைத்து வீட்டில் விட்டு வருவோம். யாரும் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுக்க வேண்டாம். நம் மாணவர்கள் சுவரேறிக் குதிக்கவும் வேண்டாம். (சிரிப்பு, கைதட்டல்)

மூன்றாவது காசு செலவில்லாதது. வீட்டில் பேரப்பிள்ளைகள் முன்னால் 'கூத்தாடி' என்ற வார்த்தையை வசவாகச் சொல்லாதீர்கள். முடிந்தால் ஒரு பாட்டாவது, ஒரு அடவாவது அவர்களைக் கற்றுக்கொள்ள விடுங்கள். மேடையேறிப் பெயர் வாங்க வேண்டும் என்பதற்காக இல்லை. ஒரு தடவை ஆடிப் பார்த்த பிள்ளைக்கு ஆடுகிறவனுடைய கால்வலி தெரியும். இராசசேகர பாண்டியனுக்குத் தெரிந்த மாதிரி.

கடைசியாக ஒன்று. என் நண்பனை இந்த விழாவுக்குக் கூப்பிட்டேன். "வர்றேன், பாப்போம்" என்றான். காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இதுவரைக்கும் வரவில்லை. இந்த உரை மலரில் அச்சாகும் என்று செயலாளர் சொன்னார். அதில் ஒரு பிரதியை நானே எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகப் போகிறேன். அந்தப் பாட்டுநோட்டையும் வாங்கி வரப்போகிறேன். அந்தக் காலத்து ஆர்மோனியக்காரர் யாராவது ஒருவர் மதுரைப் பக்கம் இன்னும் இருப்பார். தேடிப் பிடித்து, அந்த மெட்டுகள் எப்படிப் போகும் என்று வாசித்துக் காட்டச் சொல்லி, அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். அடுத்த வருஷம் நம் மைதானத்தில் நாடகம் நடந்தால், முன்வரிசையில் அவனுக்கு ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

அவனுடைய அப்பாவுக்கு அன்றைக்கு வாங்கிக் கொடுக்காத டீயை இனி எங்கே போய்க் கொடுக்க? இதையாவது செய்வோம்.